ஜெசி அக்கா வெட்டிய ஏழாம் நம்பர் கம்பு

1

ஜெசி அக்கா, வருகிற சனிக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. மற்றவர்களுக்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். நான் வரவில்லை. அடக்கத்துக்கும் வரவில்லை, இப்போது வருஷப் பூசைக்கும் வரவில்லை. போன தடவை காரணம் ஒரு காகிதம். இந்தத் தடவை காரணம் ஒரு பந்து. நீ இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பாய், சிரித்து முடித்த பிறகு திட்டியிருப்பாய்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று சொல்ல வேண்டும். என் பெயர் பிரவீன். மேற்கு தாம்பரம். பத்தாவதில் கணக்கில் போனவன், திரும்ப எழுதவில்லை. மஸ்கட்டில் ஒரு கோல்ஃப் கிளப்பில் நான்கு வருஷமாக வேலை செய்கிறேன். கோல்ஃப் கிளப் என்றதும் எங்கள் தெருவில், நான் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு பெரிய மனிதர்களோடு கைகுலுக்குகிறேன் என்று பேச்சு. அம்மா மறுக்கவில்லை. நானும் போன லீவில் தொப்பியோடுதான் இறங்கினேன்.

உண்மை என்னவென்றால், நான் பந்து பொறுக்குகிறவன். ஆட வருகிறவர்கள் வரிசையாக நின்று அடித்துப் பழக ஒரு பெரிய மைதானம் இருக்கிறது. அவர்கள் அடித்துத் தள்ளும் பந்துகளைப் பொறுக்க ஒரு சின்ன வண்டி. முன்னால் ஓர் உருளை உருண்டு பந்தைக் கவ்விக் கூடையில் போடும், சுற்றிலும் கம்பி வலை, உள்ளே நான். நான் வண்டியோடு மைதானத்தில் இறங்கியதும் அதுவரை எங்கெங்கோ அடித்துக்கொண்டிருந்த டாக்டர், முதலாளி, அவர் மனைவி, எல்லோரும் என்னைக் குறி பார்ப்பார்கள். டங் என்று கூரையில் பட்டால் ஒரே சிரிப்பு. நான் உள்ளிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். அது வேலையில் சேர்ந்தது.

2

அந்த ஏழாம் நம்பர் கம்பு எனக்குக் கிடைத்தது குப்பைத் தொட்டியில். ஆறரை அடி உயர வெள்ளைக்காரர் ஒருவர், அன்றைக்கு ஒரு பந்தும் நேராகப் போகவில்லை என்று கம்பைத் தொட்டியில் செருகிவிட்டுப் போய்விட்டார். ஒரு மாதம் யாரும் கேட்கவில்லை. மேனேஜர் என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

கோல்ஃபில் ஒரே கம்பால் எல்லாவற்றையும் அடிப்பதில்லை. தூரத்துக்கு நீளமானது, கிட்டத்தில் குட்டையானது என்று ஒரு பை நிறைய இருக்கும். ஏழாம் நம்பர் நடுவில் வருவது. புதிதாகப் பழகுகிறவன் கையில் முதலில் அதைத்தான் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் மைதானம் திறப்பதற்கு முன்னால் வேலைக்காரர்கள் நாங்கள் அடித்துப் பார்க்க அனுமதி உண்டு. நான் தாம்பரத்தில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் ஆடிய கை. கம்பைத் தூக்கினாலே கை தானாக லெக் சைடுக்குப் போகும். பந்துகள் எல்லாம் இடது பக்கம் சுருண்டு, சமையல்கட்டுச் சுவரில் போய் விழுந்தன. சமையல்காரர் ஒரு வாரம் எனக்குக் குழம்பு ஊற்றவில்லை.

லீவில் வரும்போது கம்பையும் கொண்டுவந்தேன். தெருவில் காட்டத்தான், வேறெதற்கு.

"இன்னாடா இது, ஒட்டடைக் கம்பா?" என்றாள் அக்கா.

"கோல்ஃப்க்கா. ஏழாம் நம்பரு."

"மீதி ஆறு எங்க?"

அடித்துக் காட்டு என்றாள். வாசலில் நின்று காட்டினேன். கம்பின் பிடி வயிற்றில் இடித்தது.

"ஒட்டகத்துக்குச் செஞ்சத நீ தூக்கினு வந்துகீற. சட்டைய அளவு எடுக்காம தெச்சா போட்டுப்பியா? இதுவும் அப்படித்தான். கொடு இங்க."

அக்கா திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். லேத்தில் கடைந்து வரும் இரும்புச் சாமானை வெர்னியர் வைத்து அளப்பாள். சரியாக இருந்தால் தட்டில், இல்லையென்றால் சிவப்புப் பெயின்ட் தொட்டு ஓரத்தில். அண்ணன் தம்பி பார்க்க மாட்டாள். லேத் ஓட்டும் மூர்த்தி அண்ணன்தான் அவளுக்கு அங்கே நெருக்கம், அவர் சாமானைத்தான் அதிகமாக ஓரத்தில் வைப்பாள்.

மறுநாள் காலை நான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கம்பைக் கம்பெனி பஸ்ஸில் எடுத்துப் போய்விட்டாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது அது குட்டையாகி இருந்தது. வெட்டிய முனையில் கிரிக்கெட் மட்டைக்குப் போடும் பச்சை ரப்பர். மூர்த்தி அண்ணன் தன் பங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து அனுப்பியிருந்தார். ஏர்போர்ட்டில் அதிகாரி அந்தக் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார்.

3

அதற்குப் பிறகுதான் கூத்து. மஸ்கட்டில் பதினொரு மணி இடைவேளையில் நான் இரண்டு பந்து அடித்து, செல்வத்தை வீடியோ எடுக்கச் சொல்லி அக்காவுக்கு அனுப்புவேன். செல்வம் கூடுவாஞ்சேரிக்காரன், புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறவன். திருமுடிவாக்கத்தில் அப்போது சாப்பாட்டு மணி. டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கம்பெனி மொத்தமும் என் வீடியோவைப் பார்க்கும். அடுத்த பத்து நிமிஷத்தில் குரல் பதிவுகள் வந்து விழும். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட கோல்ஃப் மைதானத்தை நேரில் பார்த்ததில்லை.

"டேய், தலைய இன்னாத்துக்கு கோழி மாதிரி தூக்கற? பந்து எங்க போச்சின்னு நீ பாக்காத. அது போனா நான் சொல்றேன்." இது அக்கா.

"தம்பி, மூர்த்தி பேசறேன். லேத்துல டூல அவசரமா எறக்குனா சாமான் போயிடும். கம்ப மெதுவா பின்னால இழு. முன்னால வரும்போது அதுவே வரும், நீ தள்ளாத."

"கைய இறுக்காதடா. வெர்னியர இறுக்கிப் புடிச்சா அளவு பொய் சொல்லும். அதே தான்."

பின்னால் ஸ்டோரில் வேலை பார்க்கும் கலா அக்காவின் குரல்: "ஜெசி, உன் தம்பி இளைச்சிட்டான்டி. பந்தெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், சாப்டானான்னு கேளு."

எங்கள் கிளப்பில் ஒரு மணிநேரம் கற்றுக்கொடுக்க வாத்தியார் இருக்கிறார். அவர் உறுப்பினர்களிடம் சொல்வதை வண்டியில் போகிறபோது காதில் வாங்கியிருக்கிறேன். தலையை ஆட்டாதே, மெதுவாகப் பின்னால் இழு, கையை இறுக்காதே. அவ்வளவுதான். சாப்பிட்டாயா என்று அவர் கேட்பதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஒரு கோளாறு மட்டும் தீரவே இல்லை. பந்து கம்பின் நடுவில் படாமல் நுனியில், மூக்கில் பட்டது. இடுப்பும் வலித்தது. அதற்கு ஆளுக்கு ஒரு யோசனை. கடைசியில் அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

"நீ குனியறது பத்தலடா. இன்னும் குனி."

குனிந்தேன். கொஞ்சம் சரியானது. இன்னும் குனி என்றாள். இன்னும் குனிந்தேன். ஆறு மாதத்தில் நான் அடிக்க நிற்பதைப் பார்த்தால் தொலைந்துபோன செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தேடுகிறவன் மாதிரி இருக்கும். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் காட்டுவார்கள். ஆனால் பத்துக்கு ஏழு, எட்டு பந்து நேராகப் போனது. செல்வம் சொன்னான்: "மச்சான், பாக்க சகிக்கல. ஆனா போவுது."

4

அக்காவுக்கு ஐந்து நாள் காய்ச்சல். முதல் மூன்று நாள் அக்கா என்னிடம் சொல்லவில்லை. நான் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தேன். அவளும், "தோள் தூக்குது பாரு" என்று ஒரு பதில் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து போட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

அவள் போய்விட்ட சேதி வந்ததும் ஆபீசுக்கு ஓடினேன். துக்க விடுப்புக்கு ஒரு படிவம் இருக்கிறது. அப்பா, அம்மா, மனைவி, பிள்ளை என்று நான்கு கட்டம். அக்காவுக்குக் கட்டம் இல்லை. படிவத்தைக் கொடுத்த கிளார்க் நல்ல மனிதர். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "அம்மா என்கிற கட்டத்தில் போட்டுவிடு, நான் கேட்க மாட்டேன்" என்று.

உயிரோடு இருக்கிற அம்மாவுக்கு நேராக எப்படிக் கோடு போடுவது? பேனாவை மூடி வைத்தேன். பிறகு அம்மாவையே போனில் கூப்பிட்டுக் கேட்டேன். வீட்டில் ஒரே அழுகைச் சத்தம். அம்மா இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டாள். புரிந்ததும், "போட்டுத் தொலைடா, நான் செத்தாத்தான் வுடுவாங்கன்னா செத்துட்டேன்னு போடு. வந்து சேரு" என்றாள்.

போட்டேன். கையெழுத்துப் போடவேண்டியவர் மறுநாள் மதியம்தான் வந்தார். அதற்குள் தாம்பரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. சித்தப்பா மகன் போனில் காட்டினான். கூட்டத்தில் போனை மேலே தூக்கிப் பிடித்ததால் எனக்குப் பாதி நேரம் தெரிந்தது தென்னை ஓலையும் வானமும்தான். அடக்கம் முடிந்த பிறகு போய் என்ன செய்வது என்று அப்பா சொல்லிவிட்டார். படிவத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன். அம்மா இப்போதும் அடிக்கடி கேட்பாள், ஆபீசில் என்னை உயிரோடு எழுதிவிட்டாயா என்று.

5

இந்த வருஷமாவது போய் நிற்க வேண்டும் என்று இருந்தேன். ஆனால் இங்கே குளிர்காலம்தான் ஆட்டக்காலம். பந்து பொறுக்குகிறவனுக்கு மார்ச் வரைக்கும் லீவு கிடையாது.

அப்போதுதான் கிளப்புக்குள் இருக்கும் கம்பு விற்கிற கடையில் ஓர் ஆள் வேலையை விட்டுப் போனான். அவனுக்குப் போட்டிருந்த பத்து நாள் விடுப்பு சரியாக அக்காவின் வாரத்தில் விழுந்திருந்தது. இடம் எனக்கு வந்தால் விடுப்பும் எனக்குத்தான் என்றார் மேனேஜர். ஒரே ஒரு சோதனை. கடையில் நிற்பவன் வாங்க வருகிறவர் முன்னால் அடித்துக் காட்ட வேண்டும் அல்லவா, அதனால் ஏழாம் நம்பர் கம்பால் பத்து பந்து. மஞ்சள் பலகையைத் தாண்டி, இரண்டு கொடிகளுக்கு நடுவில் ஏழு விழ வேண்டும்.

ஏழுதானே என்று நினைத்தேன்.

கடையில் அளவு பார்த்துக் கம்பு தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறவன் ரோமெல், பிலிப்பைன்ஸ்காரன். நான் கற்றுக்கொடுத்த மச்சான் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அரபு ஷேக்கையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவான். சோதனைக்கு ஒரு வாரம் முன்னால், "மச்சான், உன் கம்பைக் கொடு, பார்க்கிறேன்" என்றான்.

என்னை நிமிர்ந்து நிற்க வைத்து, மணிக்கட்டிலிருந்து தரை வரை டேப் பிடித்தான். இதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள், கம்பு வாங்கும்போது உயரத்தை மட்டும் சொன்னால் போதாது. கை நீளமானவனும் இருப்பான், குட்டையானவனும் இருப்பான். பிறகு கம்பின் அடியில் ஒரு ஒட்டுத்தாள் ஒட்டி, பிளாஸ்டிக் பலகை மேல் வைத்து அடிக்கச் சொன்னான். தாளில் நடுவில் விழ வேண்டிய கீறல் மூக்குப் பக்கம் விழுந்திருந்தது.

"இது யாருடைய கம்பு?" என்றான், அரை இங்கிலீஷ் அரை இந்தியில்.

"என்னுது."

"இல்லை மச்சான். உன்னைவிட மூன்று அங்குலம் குட்டையான ஆளுக்கு வெட்டியது. ஆனால் யார் வெட்டியதோ, வெட்டு ரொம்பச் சுத்தம்."

எனக்குப் புரியவில்லை. மூர்த்தி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அன்னிக்கு கம்ப வெட்டும்போது அளவு எத வெச்சு எடுத்தீங்க?"

"அளவா? ஜெசிதான் நின்னுச்சு. நீ தூங்கினு இருந்தியாமே. நானும் தம்பியும் ஒரே அளவுண்ணே, ஒரே சைக்கிள்தான் ஓட்டுவோம், சீட்ட ஏத்தி எறக்குனதே இல்லன்னுச்சு."

"அது நான் ஊர வுட்டு வர்றதுக்கு முந்தி அண்ணே."

லேத்தை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்: "நீ வளந்துட்டியா தம்பி?"

பதினெட்டு வயதில் விமானம் ஏறினேன். இங்கே வந்து வளர்ந்திருக்கிறேன். எனக்கே யாரும் சொல்லவில்லை. லீவில் போன இருபது நாளும் பெரும்பாலும் பாயில் கிடந்தேன், வாசலில் கம்பு பிடித்து நின்றதும் குனிந்துதான், கிடக்கிறவனின் உயரம் யாருக்குத் தெரியும்? ஒரு வருஷம் முழுக்க ஒரு கம்பெனியே சாப்பாட்டை ஆறவிட்டு என் ஊஞ்சலைத் திருத்தியது. (இங்கே கம்பு வீசுவதை ஸ்விங் என்பார்கள். வீட்டில் யாருக்கோ நான் ஊஞ்சல் என்று எழுதி அனுப்ப, அப்புறம் எங்களுக்குள் அதுவே பேராகிவிட்டது.) அவர்கள் திருத்தியது அத்தனையும் அவர்களே வெட்டிய வெட்டினால் வந்த கோளாறு. இன்னும் குனி, இன்னும் குனி என்று அக்கா என்னைப் பழைய உயரத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருந்திருக்கிறாள்.

நான் கடைக்குள் நின்று சிரித்தேன். ரோமெலும் சிரித்தான். அப்புறம் அவன் மட்டும் நிறுத்திவிட்டு, ஒரு டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினான்.

6

ரோமெல் சொன்னது இதுதான். பிடியைக் கழற்றி, உள்ளே ஒரு துண்டு செருகி, கம்பை நீட்டிவிடலாம். அரை நாள் வேலை. ஆனால் உடம்பு குனிந்து பழகிவிட்டது, நிமிர்ந்து அடிக்கப் பழக ஒரு மாதமாவது ஆகும். சோதனைக்கு இருப்பது ஒரு வாரம்.

அக்காவிடம் கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அளவு தப்பு என்றால் தப்புதான், சிவப்புப் பெயின்ட். தான் வெட்டியது என்று பார்க்க மாட்டாள். ஆனால் எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். தப்பான கம்புக்கு நான் சரியாகப் பழகிவிட்டேன், பத்துக்கு ஏழு வருகிறது, எனக்கு வேண்டியதும் ஏழுதான். தொடாதே என்று ரோமெலிடம் சொல்லிவிட்டேன்.

சோதனை அன்று மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் புரியும், அதுவே எங்களுக்குத் தொல்லை. நான் அடிக்க வந்துவிட்டதால் பந்து வண்டியைச் செல்வம் ஓட்டினான். மைதானத்தின் ஓரத்திலேயே நில் என்று அவனிடம் சொல்லியிருந்தது.

குனிந்தேன். முதல் மூன்று பந்து நேராக. நான்காவது மூக்கில் பட்டு வலது பக்கம் ஓடியது. ஐந்து, ஆறு சரி. ஏழாவது பழைய கிரிக்கெட் கை, சமையல்கட்டுப் பக்கம். எட்டு சரி. ஒன்பதில் இடுப்பு பிடித்துக்கொண்டது, பந்து பலகைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டது. ஆறு ஆகியிருக்கிறது, இன்னும் ஒன்று.

பத்தாவது பந்து என் வாழ்க்கையில் நான் அடித்ததிலேயே நல்ல பந்து. கையில் பட்டதே தெரியவில்லை. தலையைத் தூக்கவில்லை. ரோமெல் "மச்சான்" என்று முனகிய பிறகுதான் பார்த்தேன். மேலே போய், இரண்டு கொடிக்கும் நட்டநடுவில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே செல்வத்தின் வண்டி வந்துகொண்டிருந்தது.

டங்.

கூரையில் பட்டு எகிறி, கொடிக்கு வெளியே போய் உருண்டு நின்றது.

செல்வம் வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்தான். "சார், உள்ளதான் சார் வுழுந்துச்சு. வண்டி இல்லன்னா உள்ளதான் சார்."

"நிலத்தில விழணும்" என்றார் மேனேஜர்.

"எங்க ஊர்ல நின்னுகினு இருக்கிற ஆட்டோல பட்டா ரெண்டு ரன்னு சார். கணக்குல சேரும்."

"இது கூடுவாஞ்சேரி இல்ல, செல்வம். நீ எதுக்கு நடுவுல வந்தே?"

செல்வம் என்னைப் பார்த்தான், மேனேஜரைப் பார்க்கவில்லை. "கிட்டக்க வந்து கைதட்டலாம்னு வந்தேன் மச்சான்."

இன்னொரு பந்து கொடுங்கள் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டேன். என் அக்காவின் வருஷப் பூசை சார் என்றும் சொன்னேன். இன்னும் இரண்டு பேர் அடிக்கக் காத்திருக்கிறார்கள், அவர்களுக்கும் வீடு இருக்கிறது என்றார் மேனேஜர். அது சரிதான். அடுத்து வந்த நேபாளத்துக்காரன் எட்டு அடித்தான். அவனுக்குப் பெண்குழந்தை பிறந்திருக்கிறது, இன்னும் பார்க்கவில்லை. விடுப்பு அவனுக்குப் போனது.

செல்வம் இரண்டு நாள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. மூன்றாம் நாள் நானே போய் அவன் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பேஜார் பண்ணிட்டன்டா" என்றான். "சாப்புடு" என்றேன்.

கம்பை ரோமெல் நீட்டிக் கொடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமைகளில் நிமிர்ந்து நின்று அடிக்கிறேன். இப்போதைக்கு ஒன்றும் நேராகப் போவதில்லை. இடுப்பு வலி போய்விட்டது.

7

பூசை சனிக்கிழமை காலை ஆறரைக்கு, எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மாதா கோயிலில். மூர்த்தி அண்ணன் கம்பெனியிலிருந்து ஒரு வேனில் எல்லோரையும் கூட்டி வருகிறாராம். அவர் பூசைக்கு இதுவரை போனதில்லை. எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று என்னிடம் கேட்டார். முன்னால் நிற்கிறவரைப் பார்த்துச் செய்யுங்கள் என்றேன். கலா அக்காதான் முன்னால் நிற்கப் போகிறார், அவருக்கும் தெரியாது.

இங்கே அப்போது காலை ஐந்து மணி, நான் பந்து வண்டியில் இருப்பேன். அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கும். தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் இருக்கிறவர்கள் முடிந்தால் போய் அங்கே நில்லுங்கள். தூரத்தில் இருக்கிறவர்கள் இருக்கிற இடத்திலேயே, உங்கள் சாமியிடம், உங்களுக்குத் தெரிந்த வார்த்தையில் கேளுங்கள். பெயர் ஜெசிந்தா. வயது இருபத்தெட்டு. நீளமாக வேண்டாம், அவளுக்கு வேலை நேரத்தில் யாரும் நீட்டிப் பேசினால் பிடிக்காது. எங்கள் ஜெசி அக்கா நல்லபடியாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.